கேசட்டில் ஒரு துக்க வீடு

இரவு ஒன்பதேகால். பனாபோ ஊர் முடிந்து வாழைத்தோட்டங்களுக்குள் போகிற ஏழு கிலோமீட்டர் சாலை. விளக்கு கிடையாது. இரண்டு பக்கமும் குலைகளுக்கு மாட்டிய நீலப் பைகள்... காற்று நின்ற பிறகும் சரசரக்கும். மருந்து அடித்த வாடை தொண்டையில் நிற்கும்.

அந்தச் சாலையில் மோட்டார் சைக்கிளில் தனியாக வந்துகொண்டிருந்தார் ரெனான்டே. வண்டியின் பின்பக்கம் தாழ்ந்திருந்தது. ஒருக்களித்து ஒரு ஆள் உட்கார்ந்தால் எவ்வளவு தாழுமோ, அவ்வளவு. நிறுத்தி, இறங்கி, பின் டயரை அமுக்கிப் பார்த்தார். கல் மாதிரி இருந்தது. மறுபடி ஏறினார். மெழுகுவத்தி அணைத்த வாசனை வந்தது... சுற்றி எங்கும் வீடே இல்லை.

என்னோடு இரவு ஷிப்டில் வேலை பார்த்த ஜோவிலினின் தாய்மாமன் இந்த ரெனான்டே. இரண்டாயிரத்து ஒன்பதில் நடந்தது. சந்தைக்குப் பின்னால் சின்னக் கடை. பழைய வீடியோ கேசட்டுகளை டிவிடியாக மாற்றிக் கொடுப்பார். மனைவி வீட்டு வேலைக்கு சைப்ரஸ் போய் ஆறு வருடம். போன் வருவது நின்று நாலு வருடம். பிள்ளை கிடையாது.

அந்த வாரம் திங்கட்கிழமை மெர்லிண்டா என்று ஒருத்தி வந்தாள். ஹாங்காங்கில் பன்னிரண்டு வருடமாக ஒரே வீட்டில் வேலை. போன வருடமே அவளுடைய அம்மா இறந்துவிட்டாள். முதலாளி லீவு தரவில்லை. துக்க வீட்டை அண்ணன்காரன் ஆள் வைத்து வீடியோ எடுத்து வைத்திருந்தான், தங்கச்சி என்றைக்காவது வந்து பார்க்கட்டும் என்று. இப்போது வந்தாள், ஓட்டிப் பார்க்க மெஷின் இல்லை. கேசட்டில் வெள்ளையாகப் பூஞ்சை.

"போட்டோவுல எல்லாம் கல்யாணத்துக்குப் பவுடர் போட்ட மூஞ்சிதான் இருக்கு அண்ணே. எனக்குக் கடைசி மொகம் வேணும். இங்க பாக்க மாட்டேன். அங்க போயி, ஞாயித்துக்கெழம லீவுல, கதவச் சாத்திக்கிட்டுப் பாப்பேன். சனிக்கெழம காலைல ஃப்ளைட்டு."

வெள்ளிக்கிழமை தருவதாகச் சொன்னார்.

செவ்வாய் சாயங்காலம் நாடாவைத் துடைத்து, மெஷினில் போட்டு, கம்ப்யூட்டருக்குள் ஏற்ற ஆரம்பித்தார். இந்த வேலையில் அவசரம் செல்லாது. இரண்டு மணி நேரக் கேசட் ஏறுவதற்கும் இரண்டு மணி நேரம். எல்லோரும் ஓட விட்டுவிட்டு வெளியே போய்விடுவார்கள். அவரும் அப்படித்தான். யார் கல்யாணத்தையோ யார் பார்த்துக்கொண்டிருப்பது? அன்றைக்கு மட்டும், பூஞ்சை படத்தில் தெரிகிறதா என்று பார்க்கப் பக்கத்திலேயே இருந்தார்.

முதல் ஒரு மணி நேரம் கூட்டம். ஜெபம், பிஸ்கட், காபி, சீட்டாட்டம். கேமரா சவப்பெட்டிக்கு மேல் வந்து மூடியிலிருந்த கண்ணாடி வழியாக அம்மாவின் முகத்தில் ஒரு நிமிடம் நின்றது. ஒல்லியான முகம். புருவத்துக்குப் பக்கத்தில் மச்சம். அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். வீடியோக்காரன் கேமராவை ஸ்டாண்டில் வைத்துவிட்டு எங்கேயோ படுத்துவிட்டான் போலிருக்கிறது. பெட்டி. மூன்று மெழுகுவத்தி. காலி பிளாஸ்டிக் நாற்காலிகள். தகரக் கூரையில் மழை. யாரும் இல்லை... ஐம்பத்திரண்டு நிமிடம்.

அந்த ஊரில் பிணத்தைத் தனியாக விடமாட்டார்கள். ராத்திரி பூராவும் ஒரு ஆளாவது முழித்திருக்க வேண்டும். ரெனான்டே சாப்பிடப் போகலாம் என்று எழுந்தவர், கதவு வரை போய்த் திரும்பி வந்தார். நாற்காலியை இழுத்து டிவிக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். ஐம்பத்திரண்டு நிமிடமும் உட்கார்ந்திருந்தார். கேசட் முடிந்ததும் கடையைப் பூட்டிக்கொண்டு நேராக வீட்டுக்குக் கிளம்பினார்.

அங்கேதான் தப்பு. துக்க வீட்டுக்குப் போனால் அந்த ஊர்க்காரர்கள் யாரும் நேராக வீடு திரும்ப மாட்டார்கள். பேக்கரி, பெட்ரோல் பங்க், எங்கேயாவது கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போவார்கள். கூட வந்தது அங்கேயே தங்கிவிடும். படித்தவனும் நிற்பான். ரெனான்டேயும் அதுவரை தவறாமல் நின்றவர். அன்றைக்கு அது தோன்றவே இல்லை. அவர் கடையிலிருந்துதானே வருகிறார்.

தோட்டத்து கேட்டில் கிரிசாந்தோ என்ற காவலாளி. தினமும் ஒரு சிகரெட் கேட்பான், சைப்ரஸ் ராணி சௌக்கியமா என்று குத்துவான். அன்று அது எதுவும் இல்லை. கட்டையைத் தூக்கிவிட்டு, தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றான். இது என்ன புதுக் கிண்டல் என்று நினைத்துக்கொண்டு ரெனான்டே போய்விட்டார். மறுநாள் கேட்டதற்கு அவன் சாதாரணமாகச் சொன்னான்.

"வயசானவங்க வந்தா தொப்பியக் கழட்டணும்னு எங்கம்மா சொல்லிக் குடுத்துது."

அதற்குள் ரெனான்டேவுக்குத் தெரிந்துபோயிருந்தது. ராத்திரி அடுப்படியில் நாற்காலி நகர்ந்தது... ஒரே ஒரு தடவை. மூங்கில் நாற்காலிக்கு ஆள் உட்கார்ந்தால் ஒரு முனகல் உண்டு. அந்த முனகல். அப்புறம் காபி உறிஞ்சுகிற சத்தம். சூடு பொறுக்காதவர்கள் உறிஞ்சுவது போல, சின்னச் சின்னதாக. அவர் போர்வைக்குள் விடியும்வரை அசையாமல் கிடந்தார்.

புதன் ராத்திரி பயம் கொஞ்சம் குறைந்திருந்தது. சோறு வடித்தார், கருவாடு பொரித்தார். யாரைப் பார்த்து என்றில்லாமல், நாடாவில் பூஞ்சை எப்படிப் பிடிக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தார். மனைவியின் போன் நின்ற பிறகு ராத்திரியில் அந்த வீட்டுக்குள் அவர் வாய்விட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. பதினோரு மணி வரை பேசினார்.

வியாழன் காலையில் அக்கா லுஸ்விமின்டா, அதாவது ஜோவிலினின் அம்மா, வாழைப்பூ கொடுக்க வந்தவள், கழுவிக் கவிழ்த்திருந்த இரண்டு தட்டையும் இரண்டு கோப்பையையும் பார்த்தாள்.

"ஒரு தட்டையே ஒழுங்காக் கழுவ மாட்ட. எவடா அவ?"

அவர் மறைக்காமல் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு வாசல் பக்கமாக நகர்ந்து நின்றாள்.

"நீ எங்க போனாலும் அது கூடவே வரும், திரும்பும். இன்னிக்குக் கட பூட்டிட்டு வரும்போது பேக்கரியில எறங்கு. ஒரு ரொட்டி வாங்கித் தின்னு. பத்து நிமிசம் நில்லு. அம்புட்டுத்தான். அது அந்தப் பொண்ணோட அம்மாடா... ஒன்னோடதில்ல."

சரி என்றார்.

அன்று மாலை, ஏற்றி வைத்திருந்த படத்தை டிவிடி பிளேயர் ஏற்கும் ஃபைலாக மாற்றப் போட்டார். அவருடைய கிழட்டுக் கம்ப்யூட்டருக்கு அதற்கு ஒரு ராத்திரி பிடிக்கும். மெஷினை ஓட விட்டுவிட்டுக் கிளம்பினார். பின்பக்கம் தாழ்ந்தது. ஊர் எல்லையில் பேக்கரி திறந்திருந்தது. டியூப்லைட், சூடான ரொட்டி வாசனை, பெஞ்சில் நாலு பேர். வேகத்தைக் குறைத்தார். கால் தரையை உரசியது...

நிற்கவில்லை.

இதை ஜோவிலினிடம் அவரே சொல்லியிருக்கிறார். காரணம் சொல்லவில்லை. வீட்டில் கருவாடு இருந்தது என்று மட்டும் சொன்னாராம்.

வெள்ளிக்கிழமை ஃபைல் தயாராக இருந்தது. டிஸ்கில் எழுதினார். ஆரம்பத்தில் கொஞ்சம், கடைசியில் கொஞ்சம் ஓட்டிப் பார்த்தார். பிஸ்கட் தட்டு, காலி நாற்காலிகள், எல்லாம் தெளிவு. நடுவில் பார்க்கவில்லை. மெர்லிண்டா வந்து, அம்மா முகம் தெரிகிறதா என்று ஒன்றை மட்டும் கேட்டாள். தெரிகிறது, மச்சம்கூடத் தெரிகிறது என்றார். பொய் சொல்லவில்லை, செவ்வாய்க்கிழமை அவர் பார்த்தது அது. டிஸ்கைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

ஞாயிறு மதியம் ஜோவிலின் மாமன் வீட்டில் இருந்தாள். போன் அடித்தது. ஹாங்காங். சின்ன வீடு, மறுமுனையில் பேசுவது அவளுக்கும் கேட்டது. மெர்லிண்டா அழவில்லையாம். கோபமும் இல்லையாம். வழி தவறியவள் வழி கேட்கிற மாதிரி மெதுவாகக் கேட்டாளாம்.

"அண்ணே... எல்லாரும் இருக்காங்க. சீட்டாடுறவங்க, அழுவுறவங்க, எங்கண்ணன்... கேமரா பெட்டி மேல வருது. கண்ணாடிக்குள்ள தலகாணிதான் இருக்கு. நடுவுல தல வச்ச பள்ளம். நாலு தடவ போட்டுட்டேன். எங்கம்மா எங்கண்ணே?"

ரெனான்டே உள் அறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அப்புறம் போனை வாயோடு ஒட்டிக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"இப்பத்தாம்மா தூங்குனாங்க."

சத்தம் வராமல் போனை வைத்தார்.