சுண்ணாம்பு டாக்டர் அளந்த நாடி

மேடையில் வீற்றிருக்கும் பெரியவர்களே, முன்வரிசையில் இருக்கும் மறைந்த டாக்டரின் கணவரே, மகளே, வேலைக்கு நடுவே சீருடையோடு ஓடி வந்திருக்கும் செவிலியர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

நம்மை விட்டுப் பிரிந்த ரத்தநாள ஸ்கேன் மருத்துவருக்கு நோயாளிகள் வைத்த பெயர் சுண்ணாம்பு டாக்டர். பக்கவாத வார்டின் மருத்துவனாக அவரோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டிய எனக்கு, அவர் அக்கா. போனவரைப் பற்றியல்ல, ஜெயித்தவரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்!

நம் மருத்துவமனையில் ஒரு பழக்கம் இருந்ததே, நினைவிருக்கிறதா? கழுத்து ரத்தக்குழாயில் சுண்ணாம்புச் சத்து படிந்திருந்தால், அறிக்கையில் 'வயதுக்கேற்ற மாற்றம்' என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவோம். பக்கவாதத்தில் வலது கை செயலிழந்து வந்த ஒரு பஸ் டிரைவருக்கும் அப்படித்தான் எழுதப்பட்டது. அக்கா அந்த ஸ்கேன் படத்தைத் தூக்கிக்கொண்டு வார்டுக்குள் பாய்ந்தார்.

"யாருய்யா இதை எழுதினது? இந்த மனுஷனுக்கு நாப்பத்தாறு வயசு! எந்த வயசுக்கு ஏத்த மாற்றம் இது? இவங்க அப்பா வயசுக்கா?"

அன்றே பிடிவாதம் பிடித்தார். பக்கவாதம் வந்த ஒவ்வொருவருக்கும், வீட்டுக்கு அனுப்புமுன் ரத்தக்குழாயின் விறைப்பை அளந்தே ஆக வேண்டும்! கழுத்தில் ஒருமுறை, தொடையில் ஒருமுறை கருவியை வைத்து, இடையில் நாடியலை, அதாவது இதயத்துடிப்பு எழுப்பும் அலை, ஓடும் வேகத்தைக் கணக்கிடுவார். இளகிய குழாயில் அது நிதானமாகப் போகும். விறைத்த குழாயில் தலைதெறிக்க ஓடும், அதன் அடி மூளையின் மெல்லிய நாளங்களில் விழும்.

துறைத்தலைவர் ஒப்புக்கொள்ளவில்லை. "பக்கவாதம்தான் வந்தாச்சே, இனிமே அளந்து என்னம்மா ஆகப்போகுது? நீங்க அளக்கிற அந்த ரூமை ஸ்டோருக்குக் கொடுத்துடுங்க" என்றார். அறை போனால், இன்னொரு பக்கவாதத்துக்கான ஆபத்து யாருக்கு அதிகம் என்று தெரியாமலே நோயாளிகள் வீட்டுக்குப் போவார்கள். அக்கா விடுவாரா?

"பூட்டுறதுக்கு முன்னாடி ஒரே ஒருத்தரை அளந்துக்கறேன் சார். நீங்க படுங்க."

படுத்தார். படுத்தவர் சும்மா இருந்தாரா? பேசிக்கொண்டே இருந்தார். "வாயை மூடுங்க சார், அளவு கெட்டுப்போகுது!" என்று அக்கா ஒரு அதட்டு அதட்டினார். யாரை? துறைத்தலைவரை! வந்த அளவோ, அவரைவிட இருபது வயது மூத்தவருக்கு உரியது. சட்டைப் பொத்தானைப் போட்டபடியே மெல்லக் கேட்டார்: "ஏம்மா... இது குறையுமா?"

"படிஞ்ச சுண்ணாம்பு கரையாது சார். ஆனா பிரஷரை அடக்குங்க, சிகரெட்டை விடுங்க, நடங்க. விறைப்பு கொஞ்சமாவது இளகும். ரூம் சாவியை என்கிட்டயே விட்டுடுங்க."

அந்தத் தலைவர்தான் இதோ மேடையில் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரிக்கிறார். அன்றிலிருந்து லிஃப்ட் பக்கமே போகாதவர்! அந்த டிரைவர் எங்கே? அதோ, வலது கையைத் தூக்கிக் காட்டுகிறார்! இரண்டாவது பக்கவாதம் அவரை அண்டவே இல்லை. இது வெற்றி இல்லையென்றால் வேறு எது வெற்றி?

அக்கா இல்லாத வார்டில் நுழைய எனக்கு மனசே வரவில்லை, மறைக்க மாட்டேன். காலையில் நிர்வாகத்திலிருந்து ஒருவர் வந்து, "மரியாதைக்கு இன்னிக்கு ஒருநாள் அந்த ரூமை மூடிடலாமா டாக்டர்?" என்று கேட்டார். மூடுவதா! அவர் போராடிக் காத்த அறையை அவர் பெயரைச் சொல்லியே பூட்டுவதா? முடியவே முடியாது என்றேன்.

நம் வார்டிலிருந்து ஒரு நோயாளிகூட அளக்கப்படாமல் வீட்டுக்குப் போக மாட்டார். இது அக்காவுக்கு நான் கொடுக்கும் வாக்கு. இன்று வீட்டுக்குக் கிளம்ப வேண்டிய மூன்று பேர் அந்த அறை வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். மௌன அஞ்சலியை நீங்கள் செலுத்துங்கள். நான் அளக்கப் போகிறேன்.