சம்பளம் கூடுமென்று பயந்தவள்

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த வருஷம். ஸ்ரீவில்லிபுத்தூரில், ராஜபாளையம் போகும் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். முன் சீட்டில் முனிசிபாலிட்டிக்குத் தெருக்கூட்டும் பெண்கள் இருவர்.

“சம்பளம் கூடுதுன்னா எனக்குப் பயமா இருக்கு, மதினி,” என்றாள் இளையவள்.

“ஏட்டி, இம்புட்டுக்குக் கொறஞ்சு யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு சர்க்கார் உத்தரவு போடப் போவுதாம். நல்லதுதான?”

“சம்பளத்தக் கொறைக்க முடியலன்னா ஆளத்தான கொறைப்பாக?”

“கொறைச்சா நாலு பேரத்தான். ஒன்னைய நிறுத்த மாட்டாக.”

“நாலு பேருன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

மூத்தவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். “மேஸ்திரி சொன்னாரு.”

“ஒங்ககிட்ட மட்டும் ஏன் சொன்னாரு?”

மூத்தவள் டிக்கெட்டுக்குச் சில்லறை எண்ணத் தொடங்கினாள். பஸ் கிளம்பியது. ராஜபாளையம் வரும்வரை இளையவள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.