ஒரு ஆளுக்குத் தொண்ணூறு லிட்டர்

எவாஞ்சலின்: எழுபத்தஞ்சு இல்லப்பா, எண்பது. போனைக் காதுல வெச்சுகினு நல்லா கேளுங்க. இருபது லிட்டர் கேன். இருநூத்தம்பது மில்லி டம்ளர். எண்பது டம்ளர் வரும்.

சைமன்ராஜ்: அதுல அஞ்சு டம்ளர் ஊத்தும்போதே லுங்கியில போயிடும்மா. இங்க டெய்லி அதான் நடக்குது.

எவாஞ்சலின்: கணக்குல லுங்கியெல்லாம் இல்லப்பா.

சைமன்ராஜ்: மைன்ஸ்ல உங்கப்பன் பம்ப் ஆப்பரேட்டரு. ஒரு ஷிப்டுல ஒரு ஏரித் தண்ணியை வெளிய தள்றவன். நாலாங்கிளாஸ் டம்ளர் கணக்கு கவுத்துடுச்சு பாரு. சூப்பர்வைசர் காதுல விழுந்தா கையில தொடப்பத்தைக் குடுத்துடுவாரு... யாரு அங்க சிரிக்கிறது?

எவாஞ்சலின்: அது... ஆயா வூட்டு ஆடுப்பா.

சைமன்ராஜ்: காடாம்புலியூர்ல ஆடெல்லாம் சிரிக்குதா?

எவாஞ்சலின்: அடுத்த கணக்கு. ஒரு வூட்டுல ஒரு ஆளு தனியா இருக்காரு. அரை லிட்டர் ரசம் வெச்சாரு. அவரு... இருங்க... அவரு வூட்டுல சாப்புடறாரா, கேன்டீன்லயா?

சைமன்ராஜ்: இது கணக்கா?

எவாஞ்சலின்: கணக்குதான்.

சைமன்ராஜ்: ரசம்னுதான் வெச்சாரு. வெந்நீர்னு மூடிட்டாரு. அரை லிட்டரும் அப்படியே சட்டியில இருக்கு. எழுதிக்க. ஆமா, எந்தப் பக்கத்துல இருக்கு இந்தக் கணக்கு?

எவாஞ்சலின்: என் பக்கத்துலதாம்பா உக்கா... இல்ல, நாப்பதாம் பக்கம்.

சைமன்ராஜ்: ஓ... நாப்பதாம் பக்கம் இன்னும் கோவமா இருக்கா?

எவாஞ்சலின்: புஸ்தகம் எப்படிப்பா கோவப்படும்?

சைமன்ராஜ்: படும்மா. லீவு நாள்ல, குழாயில தண்ணி வருது, ரெண்டு குடம் புடிச்சு வைங்கன்னு சொல்லும். 'மைன்ஸ்லயும் தண்ணி, வூட்டுலயும் தண்ணியா, நான் என்ன மோட்டாரா'ன்னு உங்கப்பன் மாதிரி ஒரு மேதாவி கத்துவான். புஸ்தகம் புள்ளயக் கூட்டிகினு பஸ் ஏறிடும்.

எவாஞ்சலின்: ஒரு நிமிசம்ப்பா.

சைமன்ராஜ்: கண்ணு? லைன்ல இருக்கியா?

எவாஞ்சலின்: இருக்கேன்ப்பா. இன்னொரு கணக்கு வருது, இருங்க... ம்... சரிம்மா... ஒரு குடம் பதினஞ்சு லிட்டர். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு குடம். அந்தத் தனியா இருக்கறவரு தெனமும் எவ்ளோ தண்ணி புடிச்சு வெக்கிறாரு?

சைமன்ராஜ்: தொண்ணூறு லிட்டர்.

எவாஞ்சலின்: ஐயோ அப்பா... ஒரே ஆளு. முப்பதுதான்.

சைமன்ராஜ்: உங்கப்பன் கணக்குல மக்கும்மா. பத்தாவதுல பார்டர்ல பாஸு.

எவாஞ்சலின்: நெசமாவே தொண்ணூறா? அம்மா... இல்ல, ஆடு கேக்குது.

சைமன்ராஜ்: ஆடுகிட்ட சொல்லு, தொண்ணூறுதான்னு.

எவாஞ்சலின்: கடைசி கணக்குப்பா. நாளைக்கு சாயங்கால பஸ்ஸுல இன்னும் ரெண்டு பேரு அந்த வூட்டுக்கு வந்துட்டா... மொத்தம் எவ்ளோ தண்ணி புடிக்கணும்? நல்லா யோசிச்சு சொல்லணுமாம்.

சைமன்ராஜ்: நாளைக்கேவா?

எவாஞ்சலின்: ஆமாப்பா. மூணு பேரு. ஆளுக்கு ரெண்டு குடம். வெரல் விட்டு எண்ணுங்கப்பா.

சைமன்ராஜ்: எண்ண வேணாம்மா. அதே தொண்ணூறுதான். நீங்க போன நாள்லேர்ந்து மூணு பேருக்குத்தான் புடிச்சு வெச்சுகினு இருக்கேன்.