ஒருநாளும் எறங்காத ஸ்டாப்பு

இங்கியே ஓரங்கட்டு தம்பி. செங்கம் ரோட்டுக்கு வந்துட்டோம், வீடு பக்கந்தான், எனக்கும் தெரியும். அவசரமில்ல. எங்க வீட்டுக்காரரு பின்னாடி நல்லா தூங்கறாரு. ஏசிய மட்டும் அணைச்சிடாத, வேர்த்தா முழிச்சிக்குவாரு. நீ வேணும்னா போய் ஒரு டீ குடிச்சிட்டு வா. வேணாமா? சரி, ஒக்காரு.

ஆமாம்பா, அவரும் டிரைவர்தான். கவர்மெண்ட் பஸ்ஸு. சர்வீஸ் பூரா பாண்டி மெட்ராஸ் ரூட்டு, கடலோரமாவே போவாரு வருவாரு. ஆலம்பரை கோட்டை, சதுரங்கப்பட்டினம், மகாபலிபுரம், எல்லாம் கண்ணாடி வழியா பாத்ததோட சரி. டைமுக்குப் போய் சேரணுமே. அதான் நீ கியர் போடறப்பல்லாம் அவரு காலு ஆடுது. கோச்சிக்காத.

போன வாரம் திடீர்னு, ஒரு கார் சொல்லு குசுமா, நானும் ஒருநாள் பேசஞ்சராட்டம் எறங்கிப் பாக்கணும்னாரு. எனக்கு தலகால் புரியல. டாக்டருங்க கைய விரிச்சிட்டாங்க. தட்டு வெச்சா மூஞ்சிய திருப்பிக்கறாரு. அப்படிப்பட்டவரு ஊர் சுத்தணும்னு வாய் விட்டு சொன்னா நான் என்ன நெனப்பேன்? பொழைக்கணும்னு ஆச வந்துடுச்சுன்னு நெனச்சேன் தம்பி.

ஆலம்பரைல நீயும்தான பாத்த, அந்த இடிஞ்ச செவுத்த புடிச்சிகினு எவ்ளோ நேரம் நின்னாரு. வெங்காயம் பூண்டு போடாம நான் கட்டியாந்த எலுமிச்ச சாதத்த தானா எடுத்து சாப்பிட்டாரு. கம்மிதான், நாலு வாய். ஆனா நான் ஊட்டல. மகாபலிபுரத்துல எளநீ வேணும்னு கேட்டாரு பாரு, அந்த எளநீக்காரிய கட்டிப் புடிச்சிக்கலாம் போல இருந்துச்சு எனக்கு.

அதுக்கப்புறந்தான் அவ முன்னாடி கைய கூப்பினாரு. தெரிஞ்சோ தெரியாமலோ எதாவது தப்பு பண்ணியிருந்தா மன்னிச்சிக்கம்மான்னு. அவ மெரண்டு போயிட்டா. அடுத்தது உன்கிட்ட. நீ என்ன சார் என்ன சார்னு பதறின. எனக்கு அப்பதான் வெளங்கிச்சு.

நாங்க ஜைனருங்க தம்பி. வருஷத்துல ஒருநாள் பெரியவங்க சின்னவங்கன்னு பாக்காம எல்லார்கிட்டயும் இப்படி மன்னிப்பு கேப்போம். இன்னிக்கு அந்த நாளு இல்ல.

கடல் கோயிலாண்ட என்ன ஒக்கார வெச்சி என்கிட்டயும் கேட்டாரு. குசுமா, ஒன்ன ராத்திரி ராத்திரியா காக்க வெச்சிட்டேன், மன்னிச்சிக்கன்னாரு. நான் கடலையே பாத்துகினு இருந்தேன். மன்னிச்சேன்னு சொன்னா நானே வழியனுப்பி வெச்ச மாதிரி ஆயிடுமே. திண்டிவனம் தாண்டறப்ப கூட, சொல்லு குசுமான்னு ஒருதடவ கேட்டாரு. தூங்கற மாதிரி கண்ண மூடிக்கினேன்.

இப்ப போன் பண்ணது எங்க பொண்ணு சுதர்சனா. சொந்தக்காரங்கல்லாம் வந்துட்டாங்களாம், எங்க இருக்கீங்கன்னு கேக்கறா. வண்டி பஞ்சர்னு சொல்லிட்டேன். உன்ன கேட்டா நீயும் அப்படியே சொல்லிடு.

எதுக்கு வந்திருக்காங்களா? நாளைக்குக் காலையில வீட்டுக்கு முனிவர் வராரு. அவரு முன்னாடி இவரு விரதம் எடுத்துக்கறாரு. ஏற்கெனவே பேசி வெச்சதுதான், ஊர் சுத்தணும்னு கேட்டதும் மனசு மாறிட்டாருன்னு நெனச்சிட்டேன். மொதல்ல சோத்த விடுவாரு, அப்புறம் மோரு, அப்புறம் தண்ணி. ஆமாம்பா, உயிர் போற வரைக்கும்தான். எங்கள்ல அது பெரிய புண்ணியம், ஊரே வந்து கும்புடும். நானும் கூட நின்னு கும்புடணும். தடுத்தா எனக்குத்தான் பாவமாம்.

அட, நீ ஏன் கண்ண தொடைக்கற. அந்தப் பைய இப்படிக் குடு, வாழப்பழம் இருக்கு. பொழுது சாஞ்சிட்டா நாங்க எதுவும் தொட மாட்டோம். இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருக்கு, எழுப்பிக் குடுத்துப் பாக்கறேன். நாளையிலேருந்து, சாப்பிடறீங்களான்னு நான் கேக்கவே கூடாது.