ஒருமுறை அழுத்தினால் ஆமாம்

கையுறை வாங்கினால் பருத்தியில்தான் வாங்க வேண்டும், சார். ரப்பர் என்றால் கால் மணி நேரத்தில் உள்ளே வேர்த்து வழியும். பேண்டு வாத்தியக்காரர்கள் போடுகிற வெள்ளைக் கையுறை இருக்கிறதே, அதுதான் சரி. சாலைக் கடைத்தெருவிலேயே கிடைக்கிறது. ஸ்டேஷன் மேசைமேல் நீங்கள் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருப்பது அந்த ரகம்தான். துவைத்துத் துவைத்துப் பழுப்பாகிவிட்டது.

நீங்கள் தமிழில் கேட்டது நல்லதாகப் போயிற்று. எல்லையோரம், பாறசாலைப் பக்கமா? வாயைத் திறந்ததுமே தெரிந்தது. என் பெயர் ஹரிஷங்கர். வீடு ஸ்ரீவராகத்தில். ஓவியக் கல்லூரியில் கடைசி வருஷம். மாணவர்கள் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து, ஜனங்கள் நடமாடும் இடத்தில், பார்க்க வருகிறவர் கை வைத்தால்தான் முழுமையாகும் ஒரு கலைப்படைப்பைச் செய்து காட்ட வேண்டும். ஆர்ஷாவும் நானும் சேர்ந்துகொண்டோம். சாலைக் கடைத்தெருவில் பூட்டிக் கிடந்த ஒரு சின்னக் கடையைக் கேட்டு வாங்கினோம்.

செய்தது இவ்வளவுதான். கடை முகப்பை அடைத்து ஒரு பலகைச் சுவர். நடுவில் கை நுழையும் அளவுக்கு ஒரு துவாரம். முன்னால் ஒரு முக்காலி. வருகிறவர் உட்கார்ந்து கையை உள்ளே விடலாம். பின்னால் இருப்பவர் அந்தக் கையைப் பிடித்துக்கொள்வார். பேசமாட்டார். கேள்வி கேட்டால் ஒருமுறை அழுத்தினால் ஆமாம், இரண்டுமுறை அழுத்தினால் இல்லை. யார் பிடித்தது என்று யாருக்கும் சொல்வதில்லை. பின்வாசல் சந்துக்குள் இருந்தது. உள்ளே போனதும் தாழ் போட்டுக்கொள்வோம். கையைப் பிடிக்க, மூட்டை தூக்குகிற சுமட்டுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், ஒரு பள்ளிக்கூட டீச்சர் உட்கார்ந்திருக்கிறார். பெரும்பாலும் நான்தான்.

கையுறை ஆர்ஷாவின் யோசனை. "ஹரி, கை தொட்டால் ஆளெ அறியும். ஜோலியும் ஜாதியும் ஒக்கெ கையிலுண்டு. அது மறைக்கணும்" என்றாள். செய்யும் வேலையும் ஜாதியும் எல்லாம் தொட்டதுமே கையில் தெரிந்துவிடுமாம். வகுப்பில் எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கும் அப்போது அது பெரிய விஷயமாகத்தான் பட்டது.

பலகை வேலை செய்தது செல்வின். உங்கள் பக்கத்துப் பையன்தான். என் வயது. கழக்கூட்டம் என்கிற ஊரில் ஃபிளாட்டுகளுக்கு மரவேலை செய்துகொண்டிருந்தான். அவன் அம்மா தங்கபாய் அக்கா எங்கள் கடைக்குப் பக்கத்தில் வாழை இலைக் கட்டு வைத்து விற்கிறவர். துவாரம் எந்த உயரத்தில் வர வேண்டும் என்று நாங்கள் குழம்பிக்கொண்டிருந்தபோது, அவன் அம்மாவைக் கூப்பிட்டு முக்காலியில் உட்காரவைத்து, கையை நீட்டச் சொல்லி அளவெடுத்தான். "அம்மைக்கு எட்டிச்சுண்ணா ஊருக்கே எட்டும்" என்றான். அவனுடைய வலது கட்டைவிரல் நகம் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்திருக்கும். சுத்தியல் பட்டதாம். அவன் பலகை அறுக்கும்போது நான் அந்த நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கையைப் படம்கூட வரைந்தேன்.

அவனுக்கு வளைகுடாவில், தோகாவில் வேலை கிடைத்தது. அந்த அக்காவுக்குப் பிடிக்கவில்லை. புருஷன் கடலில் போய்த் திரும்பாதவர். கடைத்தெரு முழுக்கக் கேட்க ஒருநாள் சொல்லிவிட்டார்: "நீ கடலு கடந்து போனேண்ணா, எனக்குப் பிள்ளையே இல்லேண்ணு வச்சுக்கிடுவேன்." செல்வின் உளியையும் ரம்பத்தையும் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்துவிட்டான். போன் அணைந்துவிட்டது. முதலில் அவரும் வீம்பாக இருந்தார். பிறகு இலைக்கட்டை அவிழ்க்காமலே உட்கார்ந்திருக்க ஆரம்பித்தார். போலீசில் சொல்லப் போகிறேன் என்று ஆர்ஷாவிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன்.

அங்கே போகும் வழியில் தங்கபாய் அக்கா முக்காலியில் உட்கார்ந்து கையை உள்ளே விட்டார். நான்தான் பிடித்தேன். இலை நறுக்கி நறுக்கிக் கறை ஏறிய கை. துவாரத்தருகே வாயை வைத்துக் கேட்டார்.

"செல்வினா?"

நான் ஒருமுறை அழுத்தினேன்.

ஏன் என்று கேட்பீர்கள். அன்றைக்கு ஒருநாள் அவர் நிம்மதியாக இலை விற்கட்டும் என்று நினைத்தேன். செல்வின் எப்படியும் தோகாவுக்குப் போயிருப்பான், போய்ச் சேர்ந்ததும் அம்மாவைக் கூப்பிடுவான், அதுவரைக்கும்தானே. யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

அவர் அழுதார், சார். "எனக்குத் தெரியும் மக்களே, நீ இந்தப் பிள்ளேள் கூடத்தான் ஒளிஞ்சிருப்பேண்ணு. கோவம் போச்சா?" ஒருமுறை அழுத்தினேன். "வீட்டுக்கு வாறியா?" ஒருமுறை. "இண்ணைக்கா?" இரண்டுமுறை. "செரி. நான் எட்டிப் பாக்க மாட்டேன். பாத்தா நீ ஓடிருவ." அவர் போலீசுக்குப் போகவில்லை. திரும்பிப் போய் இலைக்கட்டை அவிழ்த்தார்.

மறுநாளும் வந்தார். பிறகு தினமும். மெலிந்துவிட்டாய் என்றார், கையுறை வழியாக அப்படித் தெரிந்திருக்கிறது. மத்தியானம் இலையில் மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் மடித்துத் துவாரம் வழியாக நீட்டினார். எங்கள் வீட்டில் முட்டைகூடக் கிடையாது. நான் சாப்பிட்டேன். முள்ளை எப்படி எடுப்பது என்று தெரியாமல் நாக்கில் குத்திக்கொண்டேன். காலி இலையை வெளியே நீட்டினால்தானே அவருக்கு நிம்மதி. "தின்னியா மக்களே?" என்று கேட்பார். ஒருமுறை அழுத்துவேன்.

என் அம்மா நாகலக்ஷ்மி நல்லவள். அதையும் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு யாரும் அவளைக் குறை சொல்லக்கூடாது. காலையில் குளித்துவிட்டு மடி உடுத்தினால் சமையலும் பூஜையும் முடியும்வரை யாரும் கிட்டப் போகக்கூடாது. "ஹரி, தொட்டுடாதேடா, மடியா இருக்கேன்" என்பாள். அதன்பிறகும் வெளியே போய்வந்த உடம்போடு தொட்டால் பிடிக்காது. நான் எப்போதும் வெளியே போய்வந்தவன்தான். தட்டைத் தரையில் வைத்து என் பக்கம் தள்ளுவாள். பாசமெல்லாம் பேச்சில் இருக்கும். அவள் கையைக் கடைசியாக எப்போது பிடித்தேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. தங்கபாய் அக்கா என் ஒவ்வொரு விரலாக எடுத்து நீவிவிட்டார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் என் கை சூடாகவே இருக்கும்.

எங்கள் தேர்வுக்கு மதிப்பெண் போட வந்த அம்மையார் ஒருவர் தங்கபாய் அக்கா சுவரோடு பேசுவதைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எங்கள் படைப்பைக் கொச்சியில் நடக்கும் பெரிய கலைக்கண்காட்சிக்குக் கொண்டுபோகலாம் என்றார்கள். அதற்காகத்தான் செய்தேன் என்று ஆர்ஷா உங்களிடம் சொல்லியிருக்கிறாள். அவள் அப்படித்தான் சொல்வாள். சந்தோஷம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது காரணம் இல்லை.

பிறகு கடைக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. புறவழிச்சாலையில் வண்டி மோதி அடையாளம் தெரியாத வாலிபர் ஆஸ்பத்திரியில். கூடவே ஒரு படம். முகம் வீங்கி, கட்டுப் போட்டிருந்தது. பெற்ற தாய்க்குக்கூட அடையாளம் தெரியாது. ஆனால் படுக்கையின் ஓரத்தில் வலது கை கிடந்தது. கட்டைவிரல் நகம் இரண்டாகப் பிளந்திருந்தது.

தங்கபாய் அக்காவிடம் இருப்பது பட்டன் போன். கடைத்தெருவில் வேறு யாரும் அந்தக் கையை உற்றுப் பார்த்ததில்லை. நான் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

உள்ளே போகிறவர்களுக்கு ரப்பர் கையுறை கொடுத்தார்கள். ரப்பரில் வேர்க்கும் என்று முதலிலேயே சொன்னேனே, அது அங்கே தெரிந்துகொண்டதுதான். அவன் கண்ணை மூடிக் கட்டியிருந்தார்கள். ஆளைத் தெரியுமா என்று நர்ஸ் கேட்டார்: "ஆளெ அறியாமோ?"

அறியில்ல என்றேன்.

எதற்காகச் சொன்னேன் என்றால், சார், கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஆமாம் என்று சொல்லியிருந்தால் அந்த அக்காவைக் கூப்பிட்டிருப்பார்கள். இத்தனை நாள் பிடித்த கை அவனுடையது இல்லை என்று அவருக்குத் தெரிந்துபோகும். பிள்ளையை அந்தக் கோலத்தில் வேறு பார்க்க வேண்டும். ஒரே நாளில் இரண்டு அடி. அவன் தேறி எழுந்தால் தானே நடந்து வரப்போகிறான், நான் பேசாமல் விலகிக்கொள்வேன் என்று நினைத்தேன். இல்லை, அது முழு உண்மை இல்லை. தேறமாட்டான் என்று நர்ஸ் சொன்னார். சொந்தக்காரர்கள் யாராவது சீக்கிரம் வந்தால் நல்லது, இடையிடையே நினைவு வருகிறது, அம்மாவைக் கேட்கிறான் என்றார். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்தேன். வேறென்ன செய்வது? என் கை அதற்குப் பழகியிருந்தது. கொஞ்ச நேரத்தில் அவன் விரல்கள் அசைந்தன.

"அம்மையா?" என்றான்.

ஒருமுறை அழுத்தினேன். அவனுக்கு அது புரியும். அந்தத் துவாரத்தை வெட்டியவனே அவன்தானே. என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். பெரிய பலம், மரவேலைக்காரன் பலம். "நான் போவல்ல அம்மா" என்றான். மறுபடியும் அழுத்தினேன். அவன் உதடு சிரிக்கிற மாதிரி கோணியது. எனக்கு அழுகை வந்தது. சத்தம் வரக்கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அழுகையில் குரல் தெரிந்துவிடும் இல்லையா?

மத்தியானம் கடைக்குத் திரும்பிவிட்டேன். அக்கா காத்துக்கொண்டிருந்தார். அவருடைய தம்பி நேசமணி வந்து சத்தம் போட்டாராம், சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயே, ஆஸ்பத்திரியெல்லாம் போய்ப் பார்க்க வேண்டாமா என்று. அக்கா என்னிடம் கேட்டார்: "மக்களே, நீ இஞ்ச இருக்கும்ப நான் என்னத்துக்கு அங்க போய்த் தேடணும்? போணுமா?"

இரண்டுமுறை அழுத்தினேன்.

"நீ தோகாவுக்குப் போவியா?"

அதற்கும் இரண்டுமுறை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும், சார். செல்வின் சொன்னது அவருக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு சொல்கூடக் குறையாமல் சேர்ந்தது. அவர் என் கையைக் கன்னத்தில் வைத்துக்கொள்ள முடியாததால் துவாரத்தில் கன்னத்தை வைத்தார். ஆஸ்பத்திரியில் அவன் பிடித்த அதே கை. அம்மாவும் பிள்ளையும் ஒரே நாளில் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டார்கள். நடுவில் நான் இருந்தேன், அவ்வளவுதான்.

மறுநாள் விடிவதற்குள் அவன் போய்விட்டான். பிறகு நேசமணிதான் புகார் கொடுத்து, நீங்கள் அடையாளங்களை ஒப்பிட்டுப் பார்த்து, அவரையும் அக்காவையும் சவக்கிடங்குக்கு அழைத்துப்போனீர்கள். அங்கே நடந்ததை அன்றைக்கே நானும் கேட்டுவிட்டேன். அக்கா நேராகக் கடைக்கு வந்து என்னிடம்தான் சொன்னார்.

"ஒரு பையனைக் காட்டுதாவ மக்களே. நீயாம். தம்பி அழுதான். நான் கையத் தொட்டுப் பாத்தேன். இந்தக் கை இல்ல, எனக்க பிள்ளைக்க கை எனக்குத் தெரியாதாண்ணு சொல்லிட்டேன். ஆருக்க பிள்ளையோ, பாவம். அதுக்க அம்மை எங்க கெடந்து தேடுதாளோ."

பிறகு கேட்டார்: "நீ இருக்கேல்லா?"

சொல்லுங்கள், சார். அந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்?

அடக்கத்தன்று சர்ச் சபைக்காரர்களும் நேசமணியும்தான் குழியில் மண் போட்டார்களாம். அக்கா யாரோ வீட்டுத் துக்கத்துக்குப் போனவர்போல ஓரமாக நின்றுவிட்டு, அந்தப் பையனுக்காக ஒரு ஜெபம் சொல்லிவிட்டு, எனக்கு மரச்சீனி அவித்துக் கொண்டுவந்தார். நேசமணி பின்னாலேயே வந்திருக்கிறார். புதைத்தாகிவிட்ட பிள்ளையோடு அக்கா பேசிக்கொண்டிருப்பதைக் கேட்டிருக்கிறார். சந்துக்குள் சுற்றிவந்து கதவை உதைத்தார். என் சட்டையைப் பிடித்துத் தூக்கியபோதும் பலகைக்கு அந்தப்பக்கம் அக்கா என் கையை விடவில்லை. "அடிக்காத தம்பி, அவன் இப்பத்தான் கோவம் தீந்து வந்திருக்கான்" என்று கத்தினார். துவாரம் வழியாக நான் பார்த்தேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்க்க மாட்டேன் என்று சொல்லியிருந்தார் அல்லவா, சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

ஆகவே அவர் என் முகத்தைப் பார்த்ததில்லை. நேசமணி சொல்வதை நம்பவும் இல்லை. வெளியே ஜீப் வந்து நிற்கிறதே, அக்காவைக் கூட்டிவந்திருக்கிறீர்களா? என்னைக் காட்டுவதற்கா?

எல்லாவற்றையும் ஒத்துக்கொள்கிறேன். அவன் உயிரோடு கிடந்தது எனக்குத் தெரியும். அம்மாவைக் கேட்டான் என்பதும் தெரியும். அவர் தேடப் புறப்பட்டபோது வேண்டாம் என்று தடுத்தது நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவருக்கு மகன் இன்னும் சாகவில்லை, சார். நீங்கள் அந்தக் கதவைத் திறந்து என்னைக் காட்டும்போதுதான் சாவான். அந்தப் பாவம் உங்களுக்கு வேண்டாம்.

ஒன்று செய்யுங்கள். கதவை முழுசாகத் திறக்க வேண்டாம். கை நுழையும் அளவுக்குத் திறந்தால் போதும். அந்தக் கையுறையை மட்டும் எடுத்துக் கொடுங்கள். வெளியே அம்மா மத்தியானத்திலிருந்து சாப்பிட்டிருக்க மாட்டாள், நான் சாப்பிட்டேன் என்று தெரியாமல்.