மின்சாரம் இல்லாத நேரத்தில் எரிந்த திரைச்சீலை

பெயரும் விலாசமும் முதல் வாக்குமூலத்தில் கொடுத்தபடியே. வயதை மட்டும் திருத்துகிறேன்: எழுபத்தாறு அல்ல, எழுபத்தைந்து. கணவர் இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. பள்ளி ஆய்வகத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள்.

கடந்த பதினான்காம் தேதி பிற்பகல் இடியும் மழையுமாக இருந்தது. மூன்று இருபதுக்கே மின்சாரம் போய்விட்டதால், மூன்றே முக்காலுக்கு நான் சாப்பாட்டு மேசையருகே ஒரு நோட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டிருந்தேன். அப்போது மூடியிருந்த ஜன்னல் கண்ணாடி வழியாக ஆரஞ்சுப் பழ அளவில் ஓர் ஒளியுருண்டை உள்ளே வந்து, இடுப்பு உயரத்தில் மெதுவாக மிதந்தது. ஏழு வரை எண்ணினேன். அதன் பிறகு அது திரைச்சீலையில் பட்டு வெடித்தது. திரைச்சீலையும் அருகிலிருந்த என் கணவரின் நாற்காலியும் எரிந்தன. வாளித் தண்ணீரை ஊற்றி அணைத்தேன். இடது கை பொசுங்கியது.

நான் மருத்துவமனையில் இருந்தபோது, போன மாதம் எங்கள் வீட்டில் வயர் மாற்றிய எலக்ட்ரீஷியன்மீது என் மகன் புகார் கொடுத்தான். மின் ஆய்வாளர் வீட்டுக்கு வராமலே மின்கசிவு என்று அறிக்கை எழுதினார். எலக்ட்ரீஷியனைக் காவலில் வைத்தார்கள்.

நான் கண்டதைச் சொன்னபோது மகன், "வயசாச்சும்மா, மின்னல்ல கண்ணு கூசியிருக்கும்" என்றான்.

"நான் புரை எடுத்து எட்டு மாசம்தான் ஆச்சு. உன் கண்ணாடியை முதல்ல துடைடா" என்றேன்.

அதன் பிறகு மின் ஆய்வாளரின் அலுவலகத்துக்குச் சென்றேன்.

"நீங்க சொல்றதுக்கு விஞ்ஞானத்துல இடமில்லம்மா."

"என் வீட்டு ஜன்னல்ல இருக்கு. வந்து பாருங்க."

நேற்றுக் காலை வந்தார். ஜன்னல் கண்ணாடியில் இரண்டரை அங்குல வட்டத் துளை. விளிம்பு உருகி வழவழப்பாக இருந்தது. அதில் மூன்று விரல்களை விட்டுப் பார்த்தார். சுவரைத் திறந்து வயரை இழுத்துப் பார்த்தார், எங்கும் கருகவில்லை. அதன் பிறகு மின்சார அலுவலகத்துக்குப் போன் செய்தார். அன்று எங்கள் தெருவில் மூன்று இருபது முதல் நாலரை வரை மின்சாரம் நிறுத்தப்பட்டிருந்ததாகப் பதிவேட்டைப் பார்த்துச் சொன்னார்கள். இதை நான் மூன்று முறை சொல்லியும் எவரும் எழுதிக்கொள்ளவில்லை.

"கரண்ட்டே இல்லாதப்போ எங்கேருந்து சார் கசியும்?" என்று கேட்டேன்.

அவர் புது அறிக்கைப் படிவத்தைக் காட்டினார். "இதுல நாலு காரணம்தான் இருக்கும்மா. ஒண்ணுல டிக் போட்டே ஆகணும்."

"அஞ்சாவதை நீங்க எழுதுங்க. பேனா நான் தர்றேன்."

நான்கையும் அடித்துவிட்டு, "காரணம் தெரியவில்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டார். கையெழுத்து நன்றாகவே இருந்தது.

இன்று எலக்ட்ரீஷியன் விடுவிக்கப்பட்டார். என் மகனே காரில் கொண்டுபோய் அவரை வீட்டில் விட்டான். மன்னிப்பும் கேட்டான், நான் பக்கத்தில் நின்றேன்.

அது பேயா என்று இந்தக் காவல் நிலைய எழுத்தர் கேட்டார். பேய் என்று நான் எங்கும் சொல்லவில்லை. அது என்னவென்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதை முதல் நாளே சொன்னேன். அரசாங்கம் அந்த இடத்துக்கு வந்துசேரப் பதினோரு நாட்கள் ஆயின.

எழுதியதை நானே வரிவரியாக வாசித்தேன். என் கண் பார்த்ததும் என் வாய் சொன்னதும் இவையே. ஓர் எழுத்தும் மாற்ற வேண்டியதில்லை.

(ஒப்பம்)