வெள்ளைப் பிடி

ஃப்ரீசர் பெட்டிக்கு மேல் வைக்கும் சட்டத்துக்குப் பைன் பலகையே போதும். ஓக் வாங்குவதெல்லாம் வெட்டிப் பெருமை. பெட்டியின் உடம்பில் நேராகத் துளை போடக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். தகட்டுக்குள் குளிர்க்குழாய் எந்தப் பக்கம் ஓடுகிறதோ யாருக்குத் தெரியும், ஒன்றைக் குத்திவிட்டால் பெட்டியைக் குப்பையில்தான் போட வேண்டும். அதனால் மூடியைக் கழற்றி, இடையில் ஒரு சாண் உயரத்துக்கு மரச்சட்டம் கொடுத்து, அந்த மரத்தில் துளை போட்டு பீர்க் குழாய்களை மாட்டினேன். உள்ளே இரண்டு ஸ்டீல் பீப்பாய், ஒரு கேஸ் சிலிண்டர். என் கராஜில் நீங்கள் பார்த்தீர்களே மேடம், அதைத்தான் சொல்கிறேன்.

நான் எழுந்து எழுந்து நடப்பதைத் தப்பாக நினைக்காதீர்கள். எனக்கு ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளாது. ஆலையில் வேலை இருந்தவரை கால் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. நீங்கள் கேட்பது அந்த இருபத்தைந்து நிமிடத்தைப் பற்றி. அதற்கு வருகிறேன். பெட்டியிலிருந்து தொடங்காவிட்டால் உங்களுக்குப் புரியாது.

ரோலியும் நானும் காகித ஆலையில் பத்தொன்பது வருடம் ஒரே ஷிஃப்ட். ஞாயிற்றுக்கிழமை என்றால் என் கராஜ்தான். ஹீட்டர் இருக்கிறது, பழைய சோபா இருக்கிறது, ஃபுட்பால் பார்க்க டிவி இருக்கிறது, ஜன்னலைத் திறந்தால் ஏரி. நான் சொந்தமாகக் காய்ச்சிய பீரைப் பாட்டில் பாட்டிலாக உடைத்துக்கொண்டு, சாசேஜ் சுட்டுத் தின்றுகொண்டு, இருட்டும்வரை இருப்போம். எனக்குக் கல்யாணம் இல்லை. அதைப் பற்றி நான் யாரிடமும் புலம்பியதும் இல்லை.

மூன்று வருடம் முன்பு அவன் குடித்துவிட்டு, மகள் பிரிட்டாவைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு வண்டி ஓட்டி, ஒரு தபால்பெட்டியை இடித்தான். குழந்தைக்கு நெற்றியில் நாலு தையல். அவன் மனைவி ஜனெல் விவாகரத்து வாங்கிக்கொண்டு ஏரிக்கு அக்கரையில் போய்க் குடியேறினாள். அவன் வண்டியில் ஊதும் கருவியை மாட்டச் சொன்னது கோர்ட். ஊதினால்தான் வண்டி கிளம்பும். மூச்சில் குடி இருந்தால் கிளம்பாது, அது பதிவும் ஆகும். ஞாயிறு நாலு மணியிலிருந்து ஏழு மணிவரை மகளைப் பார்க்கலாம், மூன்று முறை பதிவானால் அதுவும் கிடையாது என்று தீர்ப்பு. அவன் அன்றோடு நிறுத்திவிட்டான். பத்தொன்பது வருடம் என்னோடு குடித்தவன், என்னை ஒரு வார்த்தை கேட்காமல் நிறுத்தினான்.

"டெல்மர், உன் கராஜ்ல கால வெச்சாலே தொண்டை வறளுதுடா. கோச்சுக்காத," என்றான் போனில்.

நான் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளை என்ன செய்வது என்று தெரியவில்லை. கராஜைப் பெருக்குவேன். முடித்துவிட்டு மறுபடி பெருக்குவேன். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும், ஸ்கோர் என்னவென்று கேட்டால் சொல்லத் தெரியாது. அப்படி ஒரு குளிர்காலம் முழுக்கப் போனது. பித்துப் பிடிக்காத குறைதான்.

அதற்குப் பிறகுதான் பெட்டி கட்ட ஆரம்பித்தேன். இரண்டு குழாய். சிவப்புப் பிடி எனக்கு. வெள்ளைப் பிடி அவனுக்கு, அதில் போதை இல்லாத பீர். நொதித்து முடிந்த பீரைக் கொதி வராமல் முக்கால் மணி நேரம் சூட்டிலேயே வைத்திருந்தால் போதைச் சரக்கு ஆவியாகிப் போய்விடும், ருசி ஓரளவு நிற்கும். பொறுமை வேண்டிய வேலை. எனக்கு அது கிடையாது, ஆனாலும் அவனுக்காகச் செய்தேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வந்து பார்த்தவன் வாசலிலேயே நின்று சிரித்தான். "என்னடா இது, சவப்பெட்டியா? உனக்கு நீளம் பத்தாதே."

"கால மடக்கிக்கிறேன். நீ உள்ள வந்து வேலையப் பாரு."

வேலை செய்தான். சிலிண்டர் இணைப்புகளில் சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தடவி, குமிழி வருகிறதா என்று நாக்கைத் துருத்திக்கொண்டு பார்த்தான். குழாயின் நீளம் குறைந்தால் கிளாஸ் முழுக்க நுரைதான் வரும், அதனால் பத்தடி வெட்டிச் சுருட்டி வைத்தோம். குளிரை முப்பத்தெட்டு டிகிரி ஃபாரன்ஹீட்டில் நிறுத்தினோம். ஜூன் மாதம் ஒரு ஞாயிறு ஜனெல் அனுமதி கொடுக்க, பிரிட்டாவையும் கூட்டி வந்தான். அந்தப் பெண் வெள்ளைப் பிடியில் பெயின்ட்டால் ஒரு வாத்து வரைந்தாள். "அப்பா தப்பான பிடியப் பிடிச்சிடக் கூடாதுல்ல, அதுக்குத்தான்," என்றாள் என்னிடம். நல்ல பிள்ளை.

அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் வந்தான். ஆனால் மூன்று மணி ஆனால் கிளம்பிவிடுவான். ரோட்டு வழியாக ஏரியைச் சுற்றிப் போனால் பதினோரு மைல், நாலு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். ஆட்டம் பாதியில் இருக்கும். சோபாவில் அவன் உட்கார்ந்த பள்ளம் அப்படியே இருக்கும். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்காது, தட்டிச் சரி செய்வேன்.

அக்டோபரில் நடந்தது தவறுதலாகத்தான். அடுப்புக்கு முன்னால் நிற்க முடியாமல் முப்பதாவது நிமிடத்திலேயே அணைத்துவிட்டேன். அந்த ஞாயிறு இரண்டாவது கிளாஸில் ரோலி சிரித்தான். நீங்கள் அந்தச் சிரிப்பைக் கேட்டதில்லை. ஆலையில் ஃபோர்மன் பூட்ஸுக்குள் எவனோ பசையை ஊற்றிய கதையை முதலிலிருந்து கடைசிவரை நடித்துக் காட்டினான். மூன்றரை வரைக்கும் இருந்தான், ஊதியபோது கருவியும் ஒன்றும் காட்டவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது மேடம், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். என் ரோலி திரும்பி வந்துவிட்டான் என்று தோன்றியது.

அடுத்த முறை காய்ச்சியபோது இருபத்தைந்து நிமிடம் வைத்தேன். அதற்கடுத்தது பதினைந்து. பிறகு எட்டு. கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் நாக்குக்குத் தெரியாது. நீங்கள் கராஜிலிருந்து எடுத்துப்போன நோட்டில் இருப்பது என் கையெழுத்துதான், நான் மறுக்கவில்லை. தேதி, மால்ட் தானியம் எவ்வளவு, சூட்டில் எத்தனை நிமிடம், எல்லாம் சரியாக எழுதியிருப்பேன். காய்ச்சுகிறவன் நோட்டில் பொய் எழுதக் கூடாது. எழுதினால் அடுத்த முறை அந்த ருசி வராது.

நவம்பரில் முதல் தடவை. மூன்று மணிக்கு வெளியே போனவன் அஞ்சு நிமிடத்தில் திரும்பி வந்தான். முகம் செத்திருந்தது.

"வண்டி எடுக்க மாட்டேங்குதுடா. குடிச்சிருக்கேன்னு காட்டுது."

"காலைல மவுத்வாஷ் போட்டியா?"

"போட்டேன்."

"அதான். அதுல கொஞ்சம் இருக்கும்."

"நீ பாத்தேல்ல? நான் செவப்ப தொடவே இல்லல்ல?"

"பாத்தேன்டா. நீ தொடல. நான் நம்பறேன்."

அவன் என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டான். ஜனெலுக்குப் போன் செய்தான், அவள் பாதியில் வைத்துவிட்டாள். வண்டி கிளம்பாததால் அன்றைக்குக் கடைசி ஆட்டம்வரை என்னோடு இருந்தான். நான் சாசேஜ் சுட்டேன், அவனுக்குப் பிடித்த மாதிரி வெங்காயம் வதக்கிப் போட்டேன். ரொம்ப நாளைக்குப் பிறகு நான் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தேன்.

டிசம்பரில் இரண்டாவது தடவை. இருமல் மருந்தாக இருக்கும் என்றேன். அவனே வெள்ளைப் பிடியைப் பார்த்து, "இதுல ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டான். பீரின் அடர்த்தி பார்க்கும் கண்ணாடிக் கருவியை அதில் மிதக்கவிட்டு, "பாரு, சுத்தம்," என்று காட்டினேன். சூடு காட்டிய பீரில் போதை எவ்வளவு என்று அது சொல்லாது. அவனுக்கு அது தெரியாது.

மறுநாள் ஜனெல் கூப்பிட்டாள். "டெல்மர், உங்களத்தான் கேக்கறேன். அவன் திரும்பக் குடிக்கிறானா? எனக்குச் சத்தியமா தெரியணும். பிரிட்டா ஜன்னல்லயே நிக்கிறா."

நான் கொஞ்சம் யோசித்தேன். "என்னால ஒண்ணும் சொல்ல முடியாது ஜனெல். அவன் என் ஃப்ரெண்டு," என்றேன். அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். நான் பொய் சொல்லவில்லை. அந்த வாக்கியத்தில் ஒரு பொய் கூட இல்லை, வேண்டுமானால் திரும்பப் படித்துப் பாருங்கள்.

ரோலி இளைத்துப் போனான். "எல்லாரும் சொல்றதப் பாத்தா எனக்கே சந்தேகமா இருக்குடா. தூக்கத்துல எழுந்து குடிக்கிறேனா? எனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா?" என்பான். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "நான் இருக்கேன்ல," என்பேன். நான் காத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவனே, போடா, எப்படியும் குடிகாரன்னு சொல்லியாச்சு, செவப்பத் திற என்று சொல்வான் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் வெள்ளையை அன்றே நிறுத்தியிருப்பேன். யாருக்கும் எந்த நஷ்டமும் இருந்திருக்காது. அவன் சொல்லவே இல்லை. பிடிவாதக்காரன்.

இனி அந்த ஞாயிறு. பிரிட்டாவுக்குப் பத்தாவது பிறந்தநாள். ஐஸில் சறுக்கும் ஷூ ஒரு ஜோடி வாங்கி, கயிற்றால் கட்டித் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான். "இன்னைக்குத் தண்ணி மட்டும் போதும்," என்றான். "பொண்ணு பொறந்தநாளுக்கு ஒண்ணே ஒண்ணு, அதுவும் வெள்ளைதானே," என்றேன். ஒன்று இரண்டானது. இரண்டே முக்காலுக்கு வெளியே போனான். ஊதினான். திரும்பி வந்தான். மூன்றாவது பதிவு.

இந்த முறை அவன் உட்காரவில்லை. கராஜ் நடுவில் நின்று விரல் விட்டு எண்ணினான். "மவுத்வாஷ் போடல. மருந்து தொடல. காலைலேர்ந்து உன் வெள்ளையத் தவிர வேற எதையும் தொடல." அப்படியே பெட்டியைப் பார்த்தான். நான் பெட்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். ஆனால் அவன் முகம் மலர்ந்தது மேடம். "டேய், இதாண்டா! நீ சரியா சூடு காட்டலடா மடையா! உன் மேல தப்பு இல்ல, உன்னால ஒரு நிமிஷம் சும்மா நிக்க முடியாதே. ஒரு பாட்டில் குடு. ஜனெல்கிட்ட காட்டறேன், டெஸ்ட் பண்ணட்டும். நான் பொய் சொல்லலடா, டெல்மர். நான் பொய் சொல்லல."

என்னைக் கட்டிப்பிடித்து முதுகில் அறைந்தான். காலி பாட்டில் ஒன்றை எடுத்து, வாத்துப் பிடியை இழுத்து அவனே நிரப்பினான். மூடியை நான்தான் திருகினேன். ஒரு சொட்டுக் கசியவில்லை என்று நீங்களே சொன்னீர்கள். அவன் கோட்டுப் பையிலிருந்து எடுத்தபோது அதில் நாலரை சதவீதம் போதை இருந்தது என்றும் சொன்னீர்கள். என் கணக்கில் நாலேகால்.

"என்னக் கொண்டு விடேன்டா," என்றான்.

"நானும் செவப்பு குடிச்சிருக்கேன். நான் எப்படி ஓட்டறது?"

"அதுவும் சரிதான். உறைஞ்ச ஏரி மேலயே நடந்தா கால் மணி நேரம். ஓடை வாய் பக்கமா போனா இன்னும் குறுக்கு. ஐஸ் தாங்குமா?"

ஐஸ் மேல் போட்டிருந்த என் மீன்பிடிக் கூடாரத்தை வியாழக்கிழமை ஏன் கரைக்கு இழுத்தேன் என்று கேட்டீர்கள். ஓடை ஏரியில் வந்து விழும் அந்த வாயில் ஐஸ் கறுத்து மெலிந்துவிட்டது, அதனால்தான். ரோலி மூன்று வருடமாக மீன் பிடிக்க வரவில்லை, அவனுக்குத் தெரிய வாய்ப்பில்லை.

"தாங்கும்," என்றேன்.

அவன் ஷூவைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிப் போனான். நான் அவன் சாக வேண்டும் என்று நினைக்கவில்லை. ஐஸ் முதல் தடவை முனகும்போதே பயந்து திரும்பிவிடுவான், பிறந்தநாளும் தப்பிவிடும், பாட்டிலும் போகாது, இனி ஞாயிறு முழுக்க இங்கேதான் என்று நினைத்தேன். அதனால் இரண்டு கிளாஸ் ஊற்றினேன், இரண்டும் சிவப்பிலிருந்து. நுரை அடங்கக் காத்திருந்தேன். ஜன்னலில் பார்த்தபோது தலையும் கைகளும் மட்டும் வெளியே தெரிந்தன. ஷூக்கள் ஐஸ் மேல் கிடந்தன, அவற்றை முதலில் தூக்கி எறிந்திருக்கிறான்.

டெல்மர், டெல்மர் என்று கூப்பிட்டான். ஜனெலை இல்லை, கடவுளை இல்லை, என்னைத்தான். கயிறு கதவுக்குப் பக்கத்திலேயே தொங்கியது, அலுமினிய ஏணியும் இருந்தது. நீங்கள் போட்டோ எடுத்திருக்கிறீர்கள். இரண்டு தடவை கயிற்றைக் கையில் எடுத்தேன், இரண்டு தடவையும் மாட்டினேன். இழுத்து வெளியே போட்டால் என்ன ஆகும்? உடம்பைத் துவட்டிக்கொண்டு பாட்டிலோடு அக்கரைக்குப் போவான். எல்லாருக்கும் தெரியும். பிறகு என் கராஜுக்கு ஏன் வருகிறான்? நடந்துகொண்டே இருந்தேன், கதவுக்கும் பெட்டிக்கும் இடையில். கூப்பிடுவது நின்ற பிறகு உங்கள் போலீஸ் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். இருபத்தைந்து நிமிடம், சரிதான்.

என் கிளாஸை மட்டும் குடித்தேன். அவனுடையது பெட்டி மேல் அப்படியே இருக்கும், யாரும் கொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றபடி நீங்கள் என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். பெற்ற மகளைத் தவிர உலகமே அவனைக் குடிகாரன் என்றது, மனைவி சொன்னாள், கோர்ட் சொன்னது, ஒரு கட்டத்தில் அவனே தன்னைச் சந்தேகப்பட்டான். அவன் ஒரு சொட்டுக் கூடத் தெரிந்து குடிக்கவில்லை என்று கடைசிவரை நம்பியவன் நான் ஒருவன்தான்.